பதினான்கு நொடி



நடைப் போட்டி பார்த்திருக்கிறீர்களா? டி.வி.யில் முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சிரித்து விடுவார்கள். இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைய, கைகள் விசுக் விசுக்கென்று வீச, யாரோ துரத்துவது போலவும், ஓடக் கூடாது என்று வேறு யாரோ சத்தியம் வாங்கியிருப்பது போலவும் போவார்கள். நானும் சிரித்தவன்தான். அதன் விதிகளைப் படித்த பிறகு சிரிப்பு நின்று விட்டது.

விதிகள் இரண்டே இரண்டு. எந்த நேரமும் ஒரு பாதமாவது தரையில் இருக்க வேண்டும். இரண்டும் அந்தரத்தில் இருந்தால் அது ஓட்டம். அடுத்தது, முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும் வரை முழங்கால் மடங்கக் கூடாது. இப்போதே எழுந்து கூடத்தில் பத்து அடி இப்படி வேகமாக நடந்து பாருங்கள். இடுப்பு ஏன் அப்படி ஆடுகிறது என்று உங்களுக்கே புரிந்து விடும்.

பாதை நெடுக நடுவர்கள் நிற்பார்கள். கேமரா கிடையாது, வெறும் கண்தான். சந்தேகம் வந்தால் மஞ்சள் அட்டையைக் காட்டி எச்சரிப்பார்கள். அதில் நெளிந்த கோடு இருந்தால் 'பாதம் தரையை விடுகிறது' என்று பொருள். மடங்கிய கோடு இருந்தால் 'முழங்கால் மடங்குகிறது' என்று பொருள். தப்பு நிச்சயம் என்றால் சிவப்பு அட்டை எழுதுவார்கள். நான் சொல்லப் போகும் போட்டியில் இருந்த விதிப்படி, மூன்று நடுவர்களிடம் சிவப்பு வாங்கினால் வெளியே போக வேண்டியதுதான். அது 49-ஆவது கிலோமீட்டராக இருந்தாலும்!

அந்தப் போட்டி 2016 ஆகஸ்ட் 19 அன்று, பிரேசில் நாட்டின் ரியோ நகரில், கடற்கரையை ஒட்டிய சாலையில் நடந்தது. ஒலிம்பிக் ஆண்கள் 50 கிலோமீட்டர் நடை. உங்கள் பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் சுற்று போட்டிருந்தால், அதில் 250 சுற்று. அன்று முன்னணியில் இருந்தவர்கள் நடந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு 53 நொடிதான் ஆகும். உங்களில் பலர் ஓடினால்கூட நான்கைந்து சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்து விடுவீர்கள். அவர்கள் ஓடாமலேயே மூன்றே முக்கால் மணி நேரம் அப்படிப் போனார்கள்.

முதலில் முன்னால் போனவர் பிரான்ஸ் நாட்டின் யோஹான் டினிஸ். இந்தத் தூரத்தில் உலக சாதனை அவருடையது. வழியில் அவருக்கு வயிற்றுக் கோளாறு. நின்றார், மறுபடி நடந்தார். அந்த நேரத்தில் பின்னாலிருந்து வந்து அவரைப் பிடித்தவர் கனடாவின் இவான் டன்பீ, அப்போது வயது 25. ஒரு வாரத்துக்கு முன்புதான் அதே ரியோவில் 20 கிலோமீட்டர் நடையில் பத்தாவதாக வந்திருந்தார். உலக சாதனைக்காரர் தள்ளாடுகிறார் என்றால் என்ன செய்வோம்? சந்தோஷமாகத் தாண்டிப் போவோம். டன்பீ அவர் முதுகில் தட்டி, கூட வரும்படி அழைத்தார். இருவரும் கொஞ்ச தூரம் சேர்ந்தே நடந்தார்கள். பிறகு டினிஸ் பின்தங்கினார், சாலையிலேயே விழுந்தார், எழுந்து நடந்து எட்டாவதாக முடித்தார். மறு ஆண்டு லண்டனில், 39 வயதில், இதே தூரத்தில் உலக சாம்பியன் ஆனார். அவர் கதையைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

ரியோவில் தங்கம் வாங்கியவர் ஸ்லோவாக்கியாவின் மதெய் டோத். வெள்ளி, ஆஸ்திரேலியாவின் ஜாரெட் டாலன்டுக்கு. நம் கதை மூன்றாவது இடத்தைப் பற்றியது.

கடைசிச் சுற்றில் அந்த இடத்துக்கு இருவர் மோதினார்கள். ஒருவர் டன்பீ, மற்றவர் ஜப்பானின் ஹிரோகி அராய். அராய் தாண்ட முயன்றபோது இருவர் உடம்பும் இடித்துக் கொண்டன. டன்பீ தடுமாறினார். மறுபடி வேகம் பிடிக்க முடியவில்லை. அராய் 3 மணி 41 நிமிடம் 24 நொடியில் கோட்டைத் தொட்டார். டன்பீ 3 மணி 41 நிமிடம் 38 நொடி. கனடாவில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக அந்தத் தூரத்தை நடந்ததில்லை. ஆனால் நான்காவது இடம். 14 நொடி என்பது அந்த வேகத்தில் சுமார் 50 மீட்டர். 50 கிலோமீட்டர் நடந்து 50 மீட்டரில் பதக்கம் போனது.

கனடா குழு புகார் கொடுத்தது. புகாரை ஏற்று அராய் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். டன்பீ மூன்றாவது ஆனார். ஜப்பான் மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டுக் குழு விசாரித்து, சில மணி நேரத்தில் தீர்ப்பை மாற்றியது. அராய் மீண்டும் மூன்றாவது, டன்பீ மீண்டும் நான்காவது. நடைப் போட்டியில் ஜப்பானுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கம் அது.

இன்னும் ஒரு கதவு திறந்திருந்தது. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் விளையாட்டு வழக்குகளுக்கென்றே ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே போகலாம். முடிவு டன்பீயின் கையில். போகவில்லை என்று அவர் சொல்லி விட்டார்.

அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். மூன்றரை மணி நேரம் நடந்து களைத்த இரண்டு பேர் இடித்துக் கொண்டோம். அராய் வேண்டுமென்று இடிக்கவில்லை. அந்த இடி என்னை வீழ்த்தவில்லை. அதனால் என் கவனம் சிதறியது, கவனம் போனதும் கால்கள் துவண்டு விட்டன. மன்றத்தில் வென்றாலும் தலை நிமிர்ந்து அந்தப் பதக்கத்தை வாங்க என்னால் முடியாது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புகார் கொடுத்த கனடா குழு செய்தது தப்பு என்று நினைத்து விடாதீர்கள். மேல்முறையீடு செய்த ஜப்பானும் சரியாகத்தான் செய்தது. இடித்தால் கேட்பதற்கென்றுதான் விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் ஆசிரியராக இருந்த நாளில், விளையாட்டு விழாவில் "சார், அவன் என்னைத் தள்ளி விட்டான்" என்று அழுதுகொண்டு வந்த பையன்களை, "போடா, போய் உட்கார். தோற்றால் இப்படித்தான் சொல்வீர்கள்" என்று விரட்டியிருக்கிறேன். அவர்களில் சிலரையாவது நிஜமாகவே தள்ளி விட்டிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு அநியாயம் நடந்தால் கேளுங்கள். பெரியவர்கள் விரட்டினால் இன்னொரு பெரியவரிடம் போய்க் கேளுங்கள்.

டன்பீயின் விஷயம் வேறு. தனக்கு அநியாயம் நடந்ததா என்ற கேள்வியை மன்றத்திடம் கேட்பதற்கு முன் அவர் தன்னிடம் கேட்டார். பதில் 'இல்லை' என்று வந்தது. இது எத்தனை கஷ்டம் தெரியுமா? எதிரே ஒலிம்பிக் பதக்கம். ஒரு நாடே 'போ, கேள்' என்கிறது. அதிலும், இடித்தது பொய்யில்லை. 'ஆமாம், அவரால்தான் தோற்றேன்' என்று தனக்குத் தானே சொல்லிக் கொள்வது எவ்வளவு சுலபம்! கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால், பக்கத்து பெஞ்சுக்காரன் பேசினான், மின்விசிறி சத்தம் போட்டது என்று எத்தனை காரணம் நமக்குக் கிடைக்கிறது. அவன் பேசியதும் உண்மை, மின்விசிறி கத்தியதும் உண்மைதான்!

டன்பீ பிறகு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 2019-இல் கத்தார் நாட்டின் தோஹாவில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அங்கே அப்படி ஒரு வெயில். 50 கிலோமீட்டர் நடையை நள்ளிரவை ஒட்டித் தொடங்கினார்கள். ராத்திரியிலும் புழுக்கம் குறையவில்லை. டன்பீ மூன்றாவது. இரண்டாவது வந்த போர்ச்சுகல் வீரருக்கும் அவருக்கும் இடைவெளி 3 நொடி. அந்த வீரருக்கு வயது 43!

டோக்கியோ ஒலிம்பிக்கின் நடைப் போட்டிகள், வெப்பத்துக்குப் பயந்து, வடக்கே சப்போரோ நகரத்துக்கு மாற்றப்பட்டன. 2021 ஆகஸ்ட் 6 அன்று 50 கிலோமீட்டர் நடை. கடைசி நேரம் வரை டன்பீ நான்காவது. அதே நான்காவது! கோட்டுக்குச் சற்று முன்னால் ஸ்பெயின் வீரரைத் தாண்டி வெண்கலம் வாங்கினார். ஐந்து வருஷத்துக்கு முன் ஜப்பான்காரருக்கு விட்டுக் கொடுத்த பதக்கம், ஜப்பான் மண்ணில் கிடைத்தது.

1932-இல் ஒலிம்பிக்கில் நுழைந்த 50 கிலோமீட்டர் நடை அன்றோடு அங்கே முடிந்தது. உலக சாம்பியன்ஷிப்பில் அதன் இடத்துக்கு 2022-இல் 35 கிலோமீட்டர் வந்தது. 2025 செப்டம்பரில், மறுபடியும் டோக்கியோ. அந்த 35 கிலோமீட்டர் நடையை 2 மணி 28 நிமிடம் 22 நொடியில் முடித்து உலக சாம்பியன் ஆனவர் இதே டன்பீ. வயது 34.

அவர் அன்று மன்றத்துக்குப் போகாததால்தான் பின்னால் இவையெல்லாம் கிடைத்தன என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிக் கணக்குப் போட்டு உலகம் நடப்பதில்லை. இவையெல்லாம் கிடைக்காமலே போயிருக்கவும் கூடும் என்று தெரிந்துதான் அவர் 2016-இல் முடிவெடுத்தார்.

நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 'நான் கட்டாயம் மன்றத்துக்குப் போயிருப்பேன்' என்று தோன்றினால் தயங்காமல் அப்படியே எழுதுங்கள். ஏன் என்பதையும் எழுதுங்கள். அடுத்தவரைப் பார்த்து எழுதிய விடை எனக்கு உடனே தெரிந்து விடும். முப்பது வருஷம் அந்த வேலைதானே பார்த்தேன்!