தேசிய மலரின் தாய் யார்?

பசுங்கணிகம் என்றதும் மாணவர்கள் பலருக்கு ஒளிச்சேர்க்கைதான் நினைவுக்கு வரும். இலைக்குள் உணவு தயாரிக்கும் அந்த நுண்ணிய பகுதிக்கெனத் தனியாக ஒரு மரபணுத் தொகுதி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான பூச்செடிகளில் அது தாய்ச்செடியிடமிருந்து மட்டுமே வருகிறது. அதனால், ஒன்றுபோல் தோன்றும் அலங்காரச் செடிகளைப் பிரித்தறியவும் கலப்பினச் செடியின் தாயைக் கண்டறியவும் அது உதவுகிறது. இதைக் கற்பிக்க நம் தேசிய மலரைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பேன்.

வாண்டா மிஸ் ஜோவாகிம் ஆர்க்கிட் மலரைப் பற்றி 1893ஆம் ஆண்டில் முதன்முதலில் எழுதியவர், அப்போது சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்ரி ரிட்லி. ஹூக்கெரியானா, டெரஸ் என்ற இரு வாண்டா இனங்களின் கலப்பு அது என்று அவர் குறிப்பிட்டார். ஆனால் அவற்றுள் எது தாய், எது மகரந்தம் தந்தது என்று எந்தப் பதிவும் இல்லை.

நூறாண்டுகளுக்கும் மேல் நீடித்த அந்தக் கேள்விக்கு 2011இல் வெளியான ஓர் ஆய்வு விடை தந்தது. ஆய்வாளர்கள் பசுங்கணிகத்தின் இரு மரபணுக்களை ஒப்பிட்டனர். 'ஆர்பிசிஎல்' மரபணுவில் அவர்கள் படித்த பகுதியில் எந்த வேறுபாடும் இல்லை. 'மேட்-கே' மரபணுவில் வேறுபாடு தெரிந்தது. டெரஸ் இனத்தின் 'ஆண்டர்சோனியை' வகையோடு தேசிய மலர் அப்படியே ஒத்துப்போனது. ஆகவே தாய் டெரஸ். மகரந்தம் தந்தது ஹூக்கெரியானா. 1893இல் சேகரித்து உலர்த்தி வைத்த மிஸ் ஜோவாகிம் மாதிரியும் இன்றைய மலரும் அந்த மரபணுவில் ஒன்றாகவே இருந்தன.

ஒரு மரபணுவில் வேறுபாடு இல்லை என்பதற்காக இரு செடிகளும் ஒன்றாகிவிடா. ஏறத்தாழ 150,000 எழுத்துகள் கொண்ட முழுப் பசுங்கணிக மரபணுத் தொகுதியையும் ஆய்வாளர்கள் இன்று ஒப்பிடுவதற்கு இதுவே காரணம்.

ஆய்வுக்கூடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பசுங்கணிகம் மகரந்தம் தந்த செடியைப் பற்றிப் பேசாது. பெற்றோர் இரண்டும் எவை என ரிட்லி எழுதி வைத்ததால்தான், தாய் தெரிந்ததும் மற்றதையும் உறுதிப்படுத்த முடிந்தது. கலப்பைச் செய்தது வண்டா, ஆக்னஸ் ஜோவாகிமின் கையா என்ற நெடுநாள் சர்ச்சைக்கும் மரபணுவில் பதில் இல்லை. அவரே கலப்புச் செய்தார் என்பதற்கு ரிட்லியின் குறிப்புதான் சான்று.

எனவே அறிவியல் வகுப்பில் மரபணுவைக் கற்பிக்கும்போது, பதிவு செய்யும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். பள்ளித் தோட்டத்துச் செடி ஒன்றின் இலையையும் பூவையும் உலர்த்தி, பெயர், இடம், தேதி எழுதி வைக்க ஒரு பாடவேளை போதும். 1893இல் அந்த மாதிரியைச் சேகரித்தவருக்கு மரபணு ஆய்வு பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் அவர் செய்த வேலை இத்தனை ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது.