ஆசன தோஷம்

ஸ்ரீரங்கத்துப் பெரியவர்களில் பலர், பல்லவன் எக்ஸ்பிரஸில் ஐந்து மணி நேரம் முதுகு நோக உட்கார்ந்து சென்னை போய்ச் சேருவதை விட்டுவிட்டு, பிள்ளையோ பெண்ணோ வாங்கி அனுப்பிய டிக்கெட்டில், பக்கத்துக்கொன்றாக இரண்டு சுழல்விசிறிகள் பூட்டிய, எழுபது சொச்சம் பேரே ஏறக்கூடிய ஏடிஆர் விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடுகிற காலம் இது. அப்படிப் போகிறவர்களைத் திருச்சி விமான நிலையத்தில் சற்றே கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும்.

மத்திய தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் கையை விரிக்கச் சொன்னால் விரிக்கிறார்கள். பூஜைப் பையிலுள்ள கற்பூரத்தை எடுத்து வைக்கச் சொன்னால், ஆட்சேபம் ஏதுமின்றி எடுத்து வைக்கிறார்கள். சபரிமலை யாத்திரிகர்கள் இருமுடித் தேங்காயைக் கையோடு விமானத்தினுள் கொண்டுபோவதற்கு 2022 வரை அனுமதி இருக்கவில்லை என்பதும், அவ்வாண்டு யாத்திரைப் பருவத்தில்தான், எக்ஸ்ரே, வெடிமருந்துச் சோதனை, கைச்சோதனை ஆகிய மூன்றையும் தாண்டிய தேங்காய்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது என்பதும் பலருக்குத் தெரியும். ஐயப்பனுக்குப் போகிற தேங்காய்க்கே மூன்று பரீட்சை என்றால், நாம் எம்மாத்திரம் என்று அடங்கிப் போகிறார்கள்.

அதே பெரியவரிடம், விமானத்துக்குள் ஏறி அமர்ந்த பிறகு, பணிப்பெண் வந்து, "சார், கொஞ்சம் பின்வரிசைக்கு மாறி உட்கார முடியுமா?" என்று விநயமாகக் கேட்டுப் பாருங்கள், காவலரிடம் காட்டிய பணிவெல்லாம் எங்கோ போய்விடும். இந்த ஆசனத்துக்குத்தானே தனியாகக் காசு கட்டினோம் என்பார்; முழங்கால் வலியைச் சொல்வார். சிறிய விமானத்தில் எடை எந்தப் பக்கம் குவிகிறது என்பது வெறும் சௌகரியத்தைப் பற்றிய விஷயமன்று. ஏடிஆரில் பிரயாணிகள் ஏறுவது வால்பக்கத்துக் கதவு வழியாக. சாமான் ஏறுவது பெரும்பாலும் முன்பக்கத்தில். ஆட்கள் ஏறி இறங்கும்போது பின்பாரம் மிகுந்து விமானம் வாலில் குந்திவிடாதிருக்க, அதன் அடியில் ஒரு முட்டுக்கோலை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த முட்டுக்கோலை எடுத்த பிறகு, ஆகாயத்தில் சமநிலையைக் காப்பவை கணக்கும் அந்தக் கணக்குப்படி அமர்ந்திருக்கும் மனிதர்களுமே. பையைச் சோதிப்பதுதான் பாதுகாப்பு, ஆசனம் மாற்றச் சொல்வது உபத்திரவம் என்று நாம் எப்படியோ பழகிவிட்டோம்.

ஓர் ஆசனம் என்ன செய்யும் என்பதற்கு அத்தாட்சி திருச்சியிலேயே உண்டு. 2018 அக்டோபர் 12ஆம் தேதி பின்னிரவு ஒன்றரை மணி சுமாருக்கு, 130 பிரயாணிகளோடும் 6 சிப்பந்திகளோடும் துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, ஏறத்தாழ 2,480 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை முழுவதும் ஓடியும் போதிய உயரம் எழும்பாமல், ஓடுபாதைக்கு அப்பாலுள்ள வழிகாட்டி ஆன்டெனாவை முறித்து, சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு பறந்தது. வேகமெடுத்து ஓடும்போது தலைமை விமானியின் ஆசனத்துச் சாய்மானம் திடீரென்று பின்னே சரிந்ததையும், அந்தத் தடுமாற்றத்தில் அவர் கை எஞ்சின் விசையை அறியாமலே பின்னுக்கு இழுத்துவிட்டதையும் பிற்பாடு விசாரணை கண்டறிந்தது. எந்த எக்ஸ்ரே யந்திரமும் பிடிக்காத அபாயம் இது.

எனக்கு அதைவிட உறுத்துவது அதன் பிறகு நடந்தது. சுவரில் மோதியிருக்கலாம் என்று தரையிலிருந்து சொல்லியும், கருவிகள் யாவும் சரியாகக் காட்டுகின்றன என்ற நம்பிக்கையில், அடிவயிறு கிழிந்த அந்த விமானம் அரபிக்கடல்மேல் வெகுதூரம் சென்று, பின்னர் திருப்பப்பட்டு, விடியும் வேளையில் மும்பையில் இறங்கியது. அரங்கன் காப்பாற்றினான் என்பதை மறுக்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் சுவரை இடித்த பிறகும் நாலு மணி நேரம் பறந்ததற்கு அவனையே பொறுப்பாக்குவது அபசாரம்.

2024 அக்டோபர் 11 மாலை, அதே நிறுவனத்தின் ஷார்ஜா விமானம் திருச்சியிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு கண்டது. இம்முறை விமானிகள் உடனே சொன்னார்கள். போயிங் 737இல் எரிபொருளை ஆகாயத்தில் கொட்டிவிட வழியில்லையாதலால், பாரம் குறையும்வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டார்கள். கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையில் நின்றன. ஊர் முழுக்கத் தொலைக்காட்சியின் முன் கூடியது. இரவு எட்டேகால் சுமாருக்கு விமானம் சக்கரங்களிலேயே சாதாரணமாக இறங்கியது. 'அதிசயம்' என்று எழுதிய பத்திரிகைகளோடு எனக்கு உடன்பாடில்லை. கோளாறை ஒளிக்காமல் சொல்லி, அவசரப்படாமல் விதிப்படி காத்திருந்ததன் பலன் அது. அதிசயம் என்றால் அந்தச் சிரத்தைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்காமல் போகிறது.

2024 ஜூனில் புழக்கத்துக்கு வந்த புதிய முனையத்தில் கோபுரச் சாயலும் வண்ணச் சித்திரங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கின்றன. அந்தச் சுவர்களில் ஒரு முழ இடம் ஒதுக்கி, 2018இல் அந்த ஆசனம் ஏன் சரிந்தது, பணிப்பெண் இடம் மாறச் சொல்வது எதற்காக என்பதைத் தமிழில் எழுதி வைத்தால் என்ன? பிரயாணிகள் பயந்துபோவார்கள் என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லக்கூடும். கற்பூரத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவருக்கு அங்கே வாசிக்க நேரம் நிறைய இருக்கிறது.