தாகத்துக்கு லஸ்ஸி போதுமா?

மே மாதத்தில் ஜோத்பூரின் வெயில் 42, 43 டிகிரி செல்சியஸைத் தொடுவது செய்தியே அல்ல. அப்போது ஜோத்பூர் மாவட்டத்தில் இருந்த பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானதே, அது செய்தி. மதியம் 'லூ' என்னும் அனல் காற்று வீசத் தொடங்கியதும், மெஹ்ரான்கர் கோட்டையிலிருந்து இறங்கும் பயணிகள் பெரும்பாலும் ஒரே திசையில் நடக்கிறார்கள்: மணிக்கூண்டை நோக்கி.

அங்கே சர்தார் மார்க்கெட் நுழைவாயிலில் இருக்கிறது ஸ்ரீ மிஸ்ரிலால் ஹோட்டல். 1927 முதல் நடக்கும் கடை. மக்கனியா லஸ்ஸிக்குப் பேர்போனது. டம்ளரில் வந்தாலும் இதைக் குடிக்க முடியாது. கெட்டித் தயிர், சர்க்கரை, ஏலக்காய், குங்குமப்பூ, மேலே ஒரு உருண்டை வெண்ணெய். ஸ்பூன் கட்டாயம். முதல் வாயிலேயே கோட்டை ஏறிய களைப்பு மறந்துபோகும். ஆனால் தாகம்? அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும், கூடவே தூக்கத்தையும் அழைத்துக்கொண்டு. மக்கனியா லஸ்ஸி அருமையான இனிப்பு. தாகம் தீர்க்கிற பானம் அல்ல.

பாலைவனக் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுகிறது. சட்டை நனையாததால், உடம்பு எவ்வளவு தண்ணீரையும் உப்பையும் இழக்கிறது என்பதே வெளியூர்க்காரருக்குத் தெரிவதில்லை. மயங்கி விழும்போதுதான் தெரிகிறது. உள்ளூர்க்காரர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. வெயிலில் கிளம்புமுன் வறுத்த சீரகமும் கறுப்பு உப்பும் போட்ட மோர் குடிக்கிறார்கள். இங்கே அதற்குச் சாஸ் என்று பெயர். மாங்காயைச் சுட்டோ வேகவைத்தோ பிசைந்து, வெல்லமும் உப்பும் புதினாவும் கலந்த பானத்தை 'லூ'வுக்கு மருந்தாகவே நம்புகிறார்கள்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது ராப்டி. (பாலைச் சுண்டக் காய்ச்சும் ரப்டி இனிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கம்பு மாவை மோரில் கரைத்து, சற்றுப் புளிக்கவிட்டு, சிறு தீயில் காய்ச்சி, மண்சட்டியில் ஆறவைப்பார்கள். மறுநாள் காலை மேலும் மோர் விட்டுக் கரைத்தால் வயிறும் நிறையும், உடம்பும் குளிரும். கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. மார்வாரில் விவசாயி வயலுக்குப் போகுமுன் குடிப்பது இதைத்தான். சிக்கல் என்னவென்றால், லஸ்ஸிக்கு இருக்கிற மாதிரி இதற்குப் பெயர்பெற்ற கடை கிடையாது. ராப்டி வீட்டுச் சமாச்சாரம். உள்ளூரில் தங்க இடம் கொடுத்தவர்களிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுவது நல்லது. சுற்றுலாப் பயணி இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள், சந்தோஷமும் படுவார்கள்.

குல்ஃபியை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஏலக்காய் மணக்க, சிறு மண்குடுவையில் உறைந்திருக்கும் மட்கா குல்ஃபி, வெயில் இறங்கியபின் நின்று நிதானமாகத் தின்ன வேண்டியது. தள்ளுவண்டியில் சாக்குக்குள்ளிருந்து எடுத்து உடைக்கும் ஐஸ் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று வண்டிக்காரருக்கே தெரியாது. சாஸிலும் ஐஸ் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காசில்லாமலும் தாகம் தீரும் ஊர் இது. தெருவோரப் 'பியாவ்', நம் தண்ணீர்ப்பந்தலேதான். மண்பானைகள் வரிசையாக இருக்கும். பந்தலில் ஆள் இருந்தால், குனிந்து இரண்டு கைகளையும் குவித்தால் போதும். நீண்ட மூக்குள்ள செம்பிலிருந்து தண்ணீர் விழும். போதும் என்று தலையசைக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.