திருந்துவதற்குச் சத்தியம் போதாது

போதைப் பழக்கம் பற்றிய படம் என்றாலே ஒரு தாய் அழ வேண்டும், நாயகன் சத்தியம் செய்ய வேண்டும், மறுநாள் அவன் புது மனிதனாகிவிட வேண்டும். இந்தப் பொய்யை எத்தனை காலம்தான் பார்ப்பது?

கஸ் வான் சான்ட் 1989-இல் எடுத்த 'டிரக்ஸ்டோர் கௌபாய்' இப்படிப் பொய் சொல்லவில்லை. கதை நடப்பது 1971-இல், அமெரிக்காவின் போர்ட்லாந்தில். மருந்துக் கடைகளைக் கொள்ளையடித்துப் போதை ஏற்றிக்கொள்ளும் பாப், கூட்டாளிப் பெண் அளவு மீறிச் செத்ததும் பயந்துபோய் மெத்தடோன் சிகிச்சைக்குப் போகிறான். மனைவி கூட வரவில்லை. ஒரு சின்ன அறை, தொழிற்சாலை வேலை, மருந்து. அவ்வளவுதான் அவனுடைய மீட்சி.

'ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றுதானே' என்று மெத்தடோனை இகழ்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளி தினமும் இன்சுலின் போட்டுக்கொள்வதை இகழ்கிறோமா? மெத்தடோனை ஒரு வேளை எடுத்தால், போதை கிடைக்காத வேதனை ஏறக்குறைய ஒரு நாள் அடங்கியிருக்கும். ஊசிக்காகத் திருடப் போக வேண்டாம்.

மூல நாவலை எழுதிய ஜேம்ஸ் ஃபோகல், எழுபது வயதைத் தாண்டிய பிறகும் 2010-இல் மருந்துக்கடைக் கொள்ளையில் பிடிபட்டார். 2012-இல் சிறையிலேயே இறந்தார். சத்தியம் செய்ய ஒரு நிமிடம் போதும். சிகிச்சை பலருக்கு ஆண்டுக்கணக்கில் வேண்டும். அதை மறைக்கும் படங்களுக்குக் கைதட்டாதீர்கள்.