பாஞ்சாலங்குறிச்சிப் போர்க்களத்துக்கு ஒரு நடைபாதையும் எல்லைக்கற்களும்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தூத்துக்குடி, தொல்லியல் துறை மற்றும் சுற்றுலாத் துறை உயர் அலுவலர்கள்.

அனுப்புநர்: வட்டார வரலாற்று ஆர்வலர் சங்கத்தின் நிர்வாகிகளும் உறுப்பினர்களும்.

பொருள்: பாஞ்சாலங்குறிச்சிப் போர்க்களத்தைப் பொதுமக்கள் நடந்து பார்க்க வழி செய்தலும், அந்த நிலத்தைச் சிதையாமல் காத்தலும் தொடர்பாக.



ஒட்டப்பிடாரம் வட்டம் பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது, 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையை. பிள்ளைகள் இவ்வூர்ப் பாளையக்காரர் கட்டபொம்மனின் சிலை முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் வேன் கிளம்பிவிடுகிறது. அருகிலேயே தரையோடு தரையாகக் கிடக்கும் செங்கல் அடித்தளம்தான் அரண்மனை இருந்த இடம் என்பதும், 1968-69-இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியது என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது. நினைவுக் கோட்டை நல்ல நோக்கத்தோடு கட்டப்பட்டது. அதன் மீது சங்கத்துக்குக் குறை இல்லை. ஆனால் போர் நடந்தது அந்தக் கட்டடத்தில் அல்ல, அதைச் சுற்றியுள்ள மண்ணில்.

இந்த மண்ணில் இரண்டு போர்கள் நடந்தன. 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார், கோட்டை இடிக்கப்பட்டது. பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் கதை அத்தோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது போரோ இன்னும் பெரியது. 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உடனிருந்தவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். சில நாட்களில் கம்பெனிப் படை துரத்தி வந்தபோது, தரைமட்டமாக்கிய இடத்தில் மண்கோட்டை மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31-ஆம் நாள் நடந்த தாக்குதலில் கம்பெனி தோற்றுத் திரும்பியது. கூடுதல் படையும் பீரங்கிகளும் கர்னல் அக்னியூவும் வந்த பிறகே, மே 24-ஆம் நாள் கோட்டை விழுந்தது.

பீரங்கியால் சுவரில் உடைப்பு ஏற்பட்ட பின்னும் மார்ச் மாதம் ஏன் உள்ளே நுழைய முடியவில்லை? அந்தப் போரில் கம்பெனித் தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் இதற்கு விடை இருக்கிறது. முள்வேலி சூழ்ந்த மண்சுவர். சிறு சிறு கொத்தளங்கள். அவை உள்ளே கூடாக இருந்தன. உச்சிக்கு ஏறியவனுக்குக் கால் வைக்க இடம் இல்லை. கீழே நீண்ட ஈட்டிகளோடு காத்து நின்றவர்களோ வெளியிலிருந்த துப்பாக்கிக்குத் தெரியமாட்டார்கள். ஏறியவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மண்ணையும் மரத்தையும் வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் செய்த இந்தப் பொறியியலை நினைவுக் கோட்டையின் சிமென்ட் சுவரைப் பார்த்து ஒரு மாணவர் புரிந்துகொள்ள முடியாது. கொத்தளம் இருந்த இடத்தில் நின்று, பீரங்கி வந்த திசையைப் பார்த்தால்தான் புரியும். ஆகவே மக்கள் இந்த நிலத்தில் நடக்கத்தான் வேண்டும். கம்பிவேலி போட்டுப் பூட்டிவிடுவது பாதுகாப்பு ஆகாது.

அதே நேரத்தில், கட்டுப்பாடில்லாத நடையும் இந்த இடத்தை அழித்துவிடும். கல்கோட்டையாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். இங்கே எஞ்சியிருப்பது செங்கல் வரிசையும் மண்ணும். மழையில் ஊறி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் காட்டில், அடித்தளத்தின் மேல் ஏறி நிற்கும் ஒவ்வொரு காலும் ஒரு செங்கல்லை நெகிழ்த்துகிறது. வண்டி நிறுத்த ஜேசிபி கொண்டு ஒரு நாள் நிரவிச் சரள் அடித்தால் போதும், இரண்டு நூற்றாண்டுச் சான்று போய்விடும்.

சான்று என்று சங்கம் சொல்வது கட்டட எச்சத்தை மட்டுமல்ல. அமெரிக்காவின் மொன்டானாவில், 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்த புல்வெளி 1983-இல் தீப்பிடித்து எரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் தொல்லியலாளர்கள் உலோகங்காட்டும் கருவிகளோடு அந்த நிலத்தை அளந்து, கிடைத்த ஒவ்வொரு தோட்டாவும் எந்த இடத்தில் கிடந்தது என்று வரைபடத்தில் குறித்தார்கள். யார் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்பதை அதிலிருந்து எடுத்துச் சொன்னார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் உழவில் ஓர் ஈயக்குண்டு கிடைத்தால், கிடந்த இடத்தில்தான் அதற்குப் பொருள். வீட்டு அலமாரிக்குப் போய்விட்டால் அது வெறும் ஈயம்.

அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் களத்திலும் ஒரு பாடம் உண்டு. அங்குள்ள லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் கூட்டம் மிகுந்து, மக்கள் கண்ட வழியில் ஏறி இறங்கியதில் மண் அரித்துப்போனது. தேசியப் பூங்கா நிர்வாகம் 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை குன்றை மூடி, பாதைகளையும் வண்டி நிறுத்தத்தையும் சீரமைத்து, மீண்டும் மக்களுக்குத் திறந்துவிட்டது. இங்கே நிலைமை அந்த அளவுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எனவே முதற்கண், எந்தப் புதிய கட்டுமானத்துக்கும் முன்பாக, வருவாய்த் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து கோட்டை, தாக்குதல் நடந்த வெளி ஆகியவற்றை அளந்து எல்லைக்கற்கள் நட வேண்டும் எனச் சங்கம் கோருகிறது. மற்ற எல்லாக் கோரிக்கைகளும் இதற்குப் பின்புதான். மத்திய அரசுப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை உள்ளது. அதே அளவுகோலை இந்த எல்லைக்கும் கடைப்பிடிக்க வேண்டும்.

அடுத்தது நடைபாதை. அடித்தளங்களைத் தொடாமல், தரையைத் தோண்டாமல், வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய மரப்பலகைப் பாதை போதும். நினைவுக் கோட்டையில் தொடங்கி, அரண்மனை அடித்தளம் வழியாகக் கோட்டைச் சுவர் ஓடிய வரிசையைச் சுற்றிவர வேண்டும். சக்கர நாற்காலியும் அதில் போக வேண்டும். கரிசல் காட்டு வெயிலில் முதியவர்கள் உட்கார நிழல் வேண்டும். நிழலுக்கு மரம் நடுவதானால் எல்லைக்கு வெளியே நட வேண்டும், வேர் இறங்கினால் அடித்தளம் பிளந்துவிடும். பேருந்துகளும் வேன்களும் ஊருக்கு வெளியிலேயே நிற்கட்டும்.

அருகே 1799, 1801 போர்களில் இறந்த கம்பெனித் தரப்பினரின் கல்லறைகள் உள்ளன. எதிரிகளின் கல்லறைதானே என்று அவற்றைப் புறக்கணிக்கக் கூடாது. கம்பெனிப் படை எவ்வளவு விலை கொடுத்தது என்பதை அதன் சொந்தக் கல்வெட்டுகளே சொல்கின்றன. நடைபாதை அந்தக் கல்லறைகள்வரை நீள வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வீரசக்கதேவி கோயிலில் கூடும் மக்களுக்கு, வெளியூர்களிலிருந்து ஜோதி ஏந்தி வருவோருக்கு, இந்த ஏற்பாடுகளால் எந்தத் தடையும் வரக்கூடாது. அவர்கள் பார்வையாளர்கள் அல்லர்; இந்த இடத்தை இத்தனை காலமும் மறக்காமல் வைத்திருப்பவர்கள். திருவிழா நாட்களில் அகழாய்வுப் பகுதியைச் சுற்றித் தற்காலிகத் தடுப்பு வைத்தால் போதுமானது.

ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக அமர்த்த வேண்டும். கோட்டை விழுந்த பின், காயமுற்றுக் கிடந்த தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், மகனின் வேண்டுகோளுக்கு இணங்கி ஊமைத்துரையைக் காப்பாற்றினார் என்று வெல்ஷ் எழுதியிருக்கிறார். ஊமைத்துரையைத் தேடி வந்த, கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்களிடம், அம்மை கண்டு இறந்தவர் என்று சொல்லித் துணி போர்த்தி அழுதாராம். அந்தத் தாயின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர் கதையை அந்த மண்ணில் பிறந்தவர்கள் சொல்லிக் கேட்பதே முறை.

எல்லை அளவைப் பணி மழைக்காலத்துக்கு முன் தொடங்க வேண்டும். அதற்கான கூட்டுக் குழுவை அமைத்து, கிராம மக்கள் பிரதிநிதிகளையும் அதில் சேர்த்து, அளவை முடியும்வரை கோட்டைப் பகுதியில் மண் அள்ளுவதையும் நிரவுவதையும் நிறுத்தி உத்தரவிடுமாறு ஆட்சியர் அவர்களை இச்சங்கம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறது.