பழைய ஹார்டு டிஸ்கை விற்கும் முன்...

இங்கிலாந்தில் கடற்கரையை ஒட்டி உள்ள ஊர் பிரைட்டன். அங்கு ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது.

2010-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்த ஆஸ்பத்திரியின் ஓர் அறையில் சுமார் 1,000 பழைய ஹார்டு டிஸ்குகள் இருந்தன. கம்ப்யூட்டரில் உள்ள படம், கடிதம், கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் சிறு பெட்டிக்குத்தான் ஹார்டு டிஸ்க் என்று பெயர்.

அவற்றை அழிக்கும் வேலை ஓர் ஆசாமியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 5 நாட்கள் அங்கே வேலை பார்த்தார், போய்விட்டார்.

டிசம்பர் மாதம் சங்கதி வெளிப்பட்டது. இன்டர்நெட்டில் நடந்த ஏலத்தில் ஒரு கம்பெனி 4 பழைய டிஸ்குகளை வாங்கியது. திறந்து பார்த்தால், உள்ளே ஆஸ்பத்திரி நோயாளிகளின் விவரங்கள்!

"இந்த 4 மட்டும்தான் வெளியே போயின" என்று முதலில் உறுதி கூறப்பட்டது. சில மாதங்களில் ஒரு கல்லூரி மாணவர் வாங்கிய டிஸ்குகளிலும் அதே ஆஸ்பத்திரியின் விவரங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்ததில் குறைந்தது 252 டிஸ்குகள் வெளியே போயிருந்தன.

யாருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, எந்த ஊழியரின் வீடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. எய்ட்ஸ் கிருமி தொற்றியவர்களின் விவரங்கள் கூட இருந்தன. வீட்டாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் மட்டும் சொன்ன ரகசியம், ஏலத்தில் போய்விட்டது!

2012-ம் ஆண்டு அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு 3 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் சரிதான். ஆனால் போன ரகசியம் திரும்பி வருமா?

நம் வீட்டில்

"அது பெரிய ஆஸ்பத்திரி. நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம்.

மகளின் கல்யாணப் போட்டோக்கள் இருக்கின்றன. ஆதார் அட்டையின் நகல் இருக்கிறது. பாங்கிக் கணக்கு விவரம், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் இருக்கின்றன. மோசடிப் பேர்வழிக்கு இவை போதாதா?

பழைய லேப்டாப்பைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குகிறோம். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் 'டெலிட்' செய்துவிடுகிறோம். குப்பைத் தொட்டியையும் காலி செய்கிறோம். அத்துடன் நிம்மதி.

இந்த நிம்மதிதான் ஆபத்து.

பொருளடக்கம் போனால் பாடம் போகுமா?

பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பொருளடக்கம் இருக்கும். அந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டால் உள்ளே உள்ள பாடங்கள் மறைந்துவிடுமா? மறையாது. பக்கம் பக்கமாகப் புரட்டினால் எல்லாம் கிடைக்கும்.

'டெலிட்' செய்வது இப்படித்தான். பொருளடக்கத்தில் இருந்து பெயர் மட்டும் போகிறது. "இந்த இடம் காலி, வேண்டும்போது எழுதிக்கொள்ளலாம்" என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. எழுத்து இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. அவசரமாக முடியும் 'குயிக் பார்மட்' செய்வதும் இதே கதைதான்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரியைச் சேர்ந்த சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலாட் என்ற 2 ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். பலரிடம் இருந்து 158 பழைய டிஸ்குகளை விலைக்கு வாங்கினார்கள். 129 டிஸ்குகள் ஓடின. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டவை எத்தனை தெரியுமா? வெறும் 12! ஒரு டிஸ்க், பாங்கியின் பணம் கொடுக்கும் எந்திரத்தில் இருந்தது போலத் தெரிந்தது. அதன் கணக்குகளை அழிக்க யாரும் முயற்சி செய்யவே இல்லை. இந்த முடிவை 2003-ம் ஆண்டு அவர்கள் வெளியிட்டார்கள்.

சுத்தியல் வேண்டாம்

இதைக் கேட்டதும் சிலர் சுத்தியலைத் தேடுவார்கள். நல்ல டிஸ்கை உடைப்பது வீண் செலவு. புதியது வாங்க வசதி இல்லாத மாணவனுக்கு அது பல ஆண்டு உழைக்கும்.

சரியான வழி, டிஸ்கின் ஆரம்பம் முதல் கடைசி வரை பூஜ்யங்களை எழுதுவதுதான். சிலேட்டு முழுவதும் எழுதி நிரப்பினால் பழைய எழுத்தைப் படிக்க முடியாது அல்லவா?

ஒரு காலத்தில் "35 தடவை எழுத வேண்டும்" என்று ஒரு பேச்சு இருந்தது. பீட்டர் கட்மன் என்ற நிபுணர் 1996-ம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இருந்து வந்த பேச்சு அது. அக்காலத்துப் பலவகை டிஸ்குகளையும் மனதில் வைத்து அவர் சொன்னது. இப்போதுள்ள டிஸ்குக்கு ஒரு தடவை முழுமையாக எழுதினால் போதும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பார்மட் செய்யும்போது 'குயிக் பார்மட்' என்ற இடத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். முழு பார்மட் நடக்கும். லேப்டாப்பை அப்படியே விற்பதானால் 'ரிசெட்' செய்யும் இடத்தில் 'கிளீன் டேட்டா' என்ற வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில மணி நேரம் ஆகும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம்.

ஒரு ஜாக்கிரதை: வேண்டிய போட்டோக்களை முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து, திறந்தும் பார்த்துவிடுங்கள். பூஜ்யம் எழுதிய பிறகு அழுதாலும் வராது.

'எஸ்.எஸ்.டி.' என்ற புது வகை டிஸ்கில் சுழலும் தட்டு கிடையாது. மேலே எழுதினாலும் எட்டாத மூலைகள் அதில் உண்டு. அதற்குள்ளேயே 'செக்யூர் எரேஸ்' என்ற கட்டளை இருக்கிறது. தயாரித்த கம்பெனியின் சாப்ட்வேர் மூலம் அதைக் கொடுக்க வேண்டும்.

அழிப்பதே சோதனை

இந்த வேலையில் இன்னொரு லாபம் உண்டு. மூலைமுடுக்கு விடாமல் எழுதும்போது டிஸ்கின் பலவீனம் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடம் பழுதாயிற்று என்ற கணக்கு அதில் இருக்கும். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச சாப்ட்வேர் அதைக் காட்டும். அழிக்கும் முன் ஒரு தடவை, அழித்த பின் ஒரு தடவை பார்க்க வேண்டும். பழுதான இடங்களின் எண்ணிக்கை ஏறி இருந்தால் அந்த டிஸ்க் விற்பனைக்கு லாயக்கு இல்லை.

ஓடிய மணிக் கணக்கை மட்டும் நம்பி வாங்குவதும் கூடாது. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகளில் யாரோ கணக்கைப் பூஜ்யமாக்கி, 'புதியது' என்று சந்தையில் தள்ளிவிட்டார்கள். இது 2025-ம் ஆண்டு தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமானது. பழைய காரில் கிலோ மீட்டரைக் குறைத்துக் காட்டும் தந்திரம்தான். டிஸ்குக்குள் இருந்த இன்னொரு குறிப்பு காட்டிக்கொடுத்துவிட்டது.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

சென்னை ரிச்சி தெருவானாலும், சின்ன ஊர்க் கடையானாலும், பழைய டிஸ்கை வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது அதை முழுவதும் அழிப்பதுதான். என்று அழித்தது, சோதனையில் என்ன தெரிந்தது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிஸ்கோடு ஒட்டட்டும். அந்தச் சீட்டுக்காகவே ஜனங்கள் நாலு ரூபாய் கூடக் கொடுப்பார்கள்.

சோதனையில் தோற்ற டிஸ்கை என்ன செய்வது? அதன் பழுதான இடங்களில் புதிதாக எழுத முடியாது. ஆகவே பழைய எழுத்து அங்கே ஒளிந்திருக்கலாம். அதற்குத்தான் சுத்தியல் தேவை. உள்ளே உள்ள வட்டத் தட்டுகளைத் துளைத்தோ வளைத்தோ விட்டு, பழைய மின்சாமான் சேகரிப்பவரிடம் கொடுத்துவிடலாம். தட்டு சில டிஸ்குகளில் கண்ணாடியால் ஆனது. அடிக்கும்போது சில்லு தெறிக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.