விருந்தினராய்ச் செல்வோம்

மலை என்றாலே பசுமையை எண்ணிப் பழகிய கண்களுக்கு லடாக் ஒரு வியப்பு. இமயத்தின் நெடுந்தொடர்கள் பருவமழை மேகங்களைத் தடுத்துவிடுவதால், லே நகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மட்டுமே. காவியும் சாம்பலும் ஊதாவுமாக எழும் வெற்று மலைகள், அவற்றின் முடியில் வெண்பனி, அடிவாரத்தில் சிந்து நதி, நீர் எட்டும் இடங்களில் மட்டும் வாற்கோதுமை வயல்கள் என விரிகிறது அந்நிலம். பொழுதுக்கொரு வண்ணம் காட்டும் பாங்காங் ஏரியும், குன்றின்மேல் அடுக்கடுக்காய் அமைந்த திக்சே மடாலயமும் காண்போர் உள்ளத்தைக் கவர்கின்றன.

இத்தகைய நிலத்தைக் காண விழைவது இயல்பே. ஆயினும், எவ்வாறு செல்கிறோம் என்பதே நாம் எண்ண வேண்டியது.

அங்குள்ளோர்க்கு நீர் என்பது பனி உருகி வருவதே. வாய்க்கால் நீரை முறைவைத்துப் பகிர்ந்தளிக்கச் ‘சுர்பொன்’ என்னும் பொறுப்பாளரை ஊரார் அமர்த்துவர். மரபுவழிக் கழிப்பறைக்கு நீரே வேண்டாம். மண்ணும் சாம்பலும் இட்டு மட்கச்செய்த கழிவு வயலுக்கு உரமாகும். விதைப்புக் காலத்தில் பனியாறுகள் போதிய அளவு உருகாமையால், பொறியாளர் செவாங் நோர்பெல் குளிர்கால ஓடைநீரைத் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகளை உருவாக்கினார். சோனம் வாங்சுக் கூம்பு வடிவப் பனித்தூபிகளை எழுப்பினார். ஒவ்வொரு துளியையும் இவ்வாறு போற்றும் ஊரில், விடுதிகள் ஆழ்துளைக் கிணறு தோண்டி, நீர் பீய்ச்சும் கழிப்பறைகளை நமக்காக அமைக்கின்றன. நம் வசதிக்கு அவர்தம் நிலத்தடி நீர் விலையாகிறது.

அதற்காகச் சுற்றுலாவையே தடுத்தல் தீர்வாகாது. குறுகிய கோடையில் பயணியரால் கிடைக்கும் வருவாயே பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதற்குமான பொருள். மாற வேண்டியது பயணியின் மனப்பாங்கு. பெருவிடுதிகளைத் தவிர்த்து ஊரார் இல்லங்களில் தங்கலாம்; அவர்தம் கழிப்பறை முறையை ஏற்கலாம்; நெகிழிப் புட்டிகளை வாங்காது, கொண்டுசென்ற கலத்தில் நீர் நிரப்பிக்கொள்ளலாம்.

ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரை வான்வழி அடைவோர், முதலிரு நாள்கள் ஓய்வெடுத்தே ஊர்சுற்ற வேண்டும் என்பர் மருத்துவர். விரைந்தால் மூச்சு முட்டும். அந்த ஓய்வு உடலுக்கு மட்டும் உரியதன்று. அம்மண்ணின் இயல்பை உணர்வதற்கும் உரியது. வீட்டாரின் தண்ணீர்ப் பானையைக் காலிசெய்பவர் நல்ல விருந்தினர் ஆகார். இமயத்தின் மடிக்கும் இது பொருந்தும்.